வீட்டு வளவில் அருங்கனி மரங்கள்



பொழுதுபோக்கு என்றவுடன் தபால்தலை சேர்த்தல், நாணயம் சேர்த்தல், படம் பிடித்தல் முதலியவையே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க வேறொரு பொழுதுபோக்கும் உண்டு. எங்கும் எளிதிற் காணப்படாத கனிமரங்களைத் தேடி அறிந்து, அவற்றை வீட்டு வளவில் நட்டு வளர்த்தலே அது. இதற்குப் பரந்த தோட்டமோ பெரும் பொருளோ வேண்டியதில்லை. ஆனால், வளர்க்கும் மரம் இன்னதென்று அறியும் அறிவு கட்டாயம் வேண்டும். நான் கலைப்பட்டதாரி, தாவரவியல் கற்றவனல்லேன். ஒரு பிழை செய்த பின்னரே இவ்வுண்மை எனக்கு விளங்கிற்று. அப்பிழையை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

2010ஆம் ஆண்டில், மீள்குடியேற்றத்தின் பின்னர் திறக்கப்பட்ட வன்னிப் பாடசாலை ஒன்றுக்கு நான் அதிபராகச் சென்றேன். சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டு நெடுங்காலமாகிவிட்ட ஊர் அது. பாடசாலை வளவில் இரண்டு பழைய மரங்கள் நின்றன. ஒன்றிற் சிவந்த சிறு பழங்கள் நிறையக் காய்க்கும். பிள்ளைகள் அவற்றை வீரைப்பழம் என்று சொல்லிப் பொறுக்கி உண்பார்கள். மற்றது ஒருபோதும் காய்த்ததில்லை. மாணவருக்குத் துவிச்சக்கரவண்டிக் கொட்டகை ஒன்று அமைக்க இடம் வேண்டியிருந்தது. காய்க்காத மரத்தைத் தறிக்கும்படி நான் சொன்னேன். அடுத்த ஆண்டு, காய்த்த மரமும் காய்க்கவில்லை. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. அவ்வேளையில், இடம்பெயர்ந்திருந்து ஊருக்குத் திரும்பிய முதியவர் ஒருவர் தம் பேரனைச் சேர்ப்பதற்காக வந்தார். வளவை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “ஐயா, ஆண் மரத்தைத் தறிச்சுப்போட்டு, பெண் மரம் காய்க்கேல்லை எண்டால் அது என்ன செய்யும்?”

எனக்கு முகத்தில் அறைந்தாற் போல இருந்தது. பனையில் ஆண் உண்டு, பெண் உண்டு என்பதை நம் நாட்டுச் சிறுபிள்ளையும் அறியும். வீரையிலும் அவ்வாறே ஆண்மலர் ஒரு மரத்திலும் பெண்மலர் வேறொரு மரத்திலும் பூக்கின்றன. பனையைப் பற்றி அறிந்திருந்ததை வீரையோடு பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நின்றவை இரண்டும் ஒரே இன மரங்கள் என்பதைக் கூட நான் அறிந்திருக்கவில்லை. அன்று தொட்டு, மரங்களை இனங்காண்பது எனக்குப் பொழுதுபோக்காயிற்று.

இனங்காண்பதில் முதலாவது இடர் பெயரால் வருவது. வன்னிக் காட்டிற் பொன்னிறமாய்ப் பழுத்து, கரடிகளும் விரும்பி உண்ணும் பழத்தைத் தருவது பாலைமரம். சிங்கள மக்கள் அதனைப் ‘பலு’ என்பர். ஆனால், தமிழிற் பாலை என்னும் பெயர் இம்மரத்துக்கு மட்டும் உரியதன்று. பால் வடியும் மரங்கள் பலவற்றுக்கு அப்பெயர் வழங்குகின்றது. ஏழிலைப்பாலையும் வெட்பாலையும் அலரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் உண்ணத்தக்க கனியில்லை. பாலைக் கன்று வேண்டும் என்று ஒருவரிடம் கேட்டால், எந்தப் பாலை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மறுபுறம், யாழ்ப்பாணத்தில் அன்னமுன்னா என்பதும் தமிழ்நாட்டிற் சீத்தாப்பழம் என்பதும் ஒன்றே. இவ்வாறு ஒரு பெயருக்குப் பல மரங்களும், ஒரு மரத்துக்குப் பல பெயர்களும் இருக்கின்றன.

இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே தாவரவியலார் ஒவ்வோர் இனத்துக்கும் இரு சொற்களாலான இலத்தீன் பெயரை வழங்குகின்றனர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலோடு இம்முறை நிலைபெற்றது. அவருக்கும் நம் தீவுக்கும் தொடர்பு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் இங்கு மருத்துவராயிருந்த போல் ஹேர்மன் சேர்த்த உலர்ந்த செடிகளை ஆராய்ந்து, இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747இல் அவர் ஒரு நூல் எழுதினார். பின்னர், பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி திரிமன் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூல் 1893 முதல் 1900 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. திரிமன் 1896இற் காலமாகவே, எஞ்சிய பணியை ஹூக்கர் முடித்துவைத்தார். அந்நூலின் சிறப்பு, இலத்தீன் பெயரோடு சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்துத் தருவதாகும். நம் பாலைக்கு உரிய இலத்தீன் பெயர் மணில்காரா ஹெக்ஸாண்ட்ரா. இதனை எழுதிக் கேட்டால், எந்நாட்டிலும் அதே மரத்தைக் குறித்தே மறுமொழி வரும்.

ஆயினும், நூலைப் புரட்டுமுன் மரத்தைப் பார்க்கக் கற்க வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள் போதும். முதலாவது: இலைகள் கிளையில் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றனவா, மாறி மாறி நிற்கின்றனவா? இரண்டாவது: இலைக்காம்பைக் கிள்ளினாற் பால் வடிகிறதா? வடிந்தால் அதன் நிறம் என்ன? மூன்றாவது: இலையைக் கசக்கினால் மணம் வருகிறதா? நான்காவது: கனியைக் குறுக்கே வெட்டினால் எத்தனை அறைகள், எத்தனை விதைகள்?

இவற்றின் பயனைச் சில உதாரணங்களாற் காட்டலாம். எதிரெதிரான இலையும் மஞ்சட் பாலும் இருந்தால், மங்குஸ்தானும் கொறுக்காயும் சேர்ந்த இனத்தை நினைக்கலாம். மாறி நிற்கும் இலையும் வெண்பாலும் இருந்தாற் பாலை, சப்போட்டா, பலா முதலியவற்றை நினைக்கலாம். இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது ஊசிமுனை போன்ற ஒளிப்புள்ளிகள் தெரிந்து, கசக்கினால் மணமும் வந்தால், அது தேசிக்குடும்பமாகவோ நாவற்குடும்பமாகவோ இருக்கக்கூடும். நாவற்குடும்பத்தில் இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக நிற்கும். தேசிக்குடும்பத்தில் அவை பெரும்பாலும் மாறி நிற்கும். விளாவும் வில்வமும் இத்தேசிக்குடும்பத்தையே சேர்ந்தவை, இரண்டும் முள்ளுடையன. கனியில்லாக் காலத்தில் இவற்றை மயங்குவார் உளர். வில்வத்துக்கு மூன்று சிற்றிலைகள். விளாவுக்கு ஐந்து அல்லது ஏழு.

மங்குஸ்தான் பழத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பழத்தின் அடியிற் சிறு பூப்போன்ற ஒரு தழும்பு காணப்படும். அதன் இதழ்களை எண்ணிவிட்டுப் பழத்தை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெண்சுளைகளும் அத்தனையே இருக்கும். இதனை வகுப்பிற் செய்து காட்டியபோது, பின்வாங்கிலிருந்த மாணவரும் எழுந்து முன்னே வந்துவிட்டனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். இனந்தெரியாத கனியை நாவினாற் சோதித்தல் ஆகாது. எட்டியும் தேற்றாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் இலைகள் எதிரெதிராக நின்று, அடியிலிருந்தே பிரியும் நரம்புகளைக் கொண்டிருக்கும். தேற்றாவின் விதை கலங்கிய நீரைத் தெளிவிக்கும். எட்டியின் விதையோ உயிரைக் கொல்லும். எட்டிக்கனி தோடம்பழம் போலத் திரண்டு செம்மஞ்சள் நிறம் பெறும். தேற்றாங்கனி சிறிதாய்ப் பழுத்துக் கறுக்கும். கனி தெரிந்ததாயினும் உண்பவருக்கு ஒவ்வாதிருக்கலாம். காமரங்காய், பிலிம்பிக்காய் ஆகியவற்றைச் சிறுநீரக நோயுடையவர்கள் உண்ணவே கூடாது. மற்றையோரும் அவற்றின் சாற்றை மிகுதியாகப் பருகலாகாது. அன்னமுன்னா விதையின் தூள் கண்ணிற் பட்டாற் கடும் புண் உண்டாகும். தலைப்பேனுக்கு அதனைப் பூசுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, வளர்ப்பைப் பற்றிச் சொல்வேன். நெல்லையும் பயறையும் வெயிலிற் காயவைத்து அடுத்த போகத்துக்குச் சேமிக்கும் பழக்கமுடையவர்கள் நாம். அப்பழக்கத்தினால், கொழும்பிலிருந்து கொண்டுவந்த மங்குஸ்தான், றம்புட்டான் விதைகளையும் கழுவிக் காயவைத்துவிடுகின்றோம். அவை முளைப்பதில்லை. ஈரக்காட்டு மரங்களின் விதைகள் பலவும் உலர்ந்தால் இறந்துவிடும். பலா விதையும் அத்தகையதே. பழத்தைத் தின்ற அன்றோ மறுநாளோ சதையை நீக்கிவிட்டு, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஊன்றிவிட வேண்டும்.

ஊன்றுமுன் மண்ணையும் மழையையும் எண்ணிப் பார்த்தல் நன்று. களுத்துறையில் மங்குஸ்தானும் மல்வானையில் றம்புட்டானும் பெயர்பெற்றது ஈரவலய மழையினாலாகும். அவற்றை யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் வளர்க்க முயல்வது பெரும்பாலும் வீண்முயற்சி. உலர்வலயத்தார் பாலை, வீரை, நாவல், விளா, அன்னமுன்னா ஆகியவற்றை நாடலாம். மலையகத்து நேயர்கள் மரத்தக்காளி, கொடித்தோடை, ஆனைக்கொய்யா ஆகியவற்றை எளிதில் வளர்க்கலாம்.

அடுத்துத் தெரிய வேண்டியது, விதையிலிருந்து வரும் கன்று தாயைப் போன்றிருக்குமா என்பது. மங்குஸ்தானின் விதை மகரந்தச் சேர்க்கையின்றியே உண்டாவதால் கன்று தாயையே ஒத்திருக்கும். ஒரு மரம் நட்டாலும் காய்க்கும். எனினும், அதற்கு எட்டுப் பத்து ஆண்டுகளேனும் காத்திருக்க வேண்டும். றம்புட்டான் விதைகளிற் சில ஆண் மரங்களாகிவிடும். ஆகவே அரும்பொட்டுக் கன்றே ஏற்றது. அடிமரத்தில் திராட்சைக் குலைபோலக் காய் தொங்கும் கடுகுடாவிலும் ஆண், பெண் மரங்கள் வேறுவேறு. நம் காட்டுப் பாலைக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. இந்தியாவிற் சப்போட்டாவை ஒட்டுவதற்கு உரிய அடிக்கட்டையாகப் பாலைக்கன்றே பயன்படுகின்றது. இரண்டும் ஒரே பேரினத்தவை ஆதலால் அவ்வொட்டு நன்கு பொருந்துகின்றது.

அன்னமுன்னா பூத்துச் சொரிந்தும் காய்ப்பது குறைவு என்று பலர் முறையிடுவதுண்டு. அதன் மலர் முதலிற் பெண்ணாகவும் பின்னர் ஆணாகவும் இயங்குவது. அரைகுறையாய் விரிந்த மலரிற் சூல்முடி மகரந்தத்தை ஏற்கும். முழுதும் விரிந்த மலரில் மகரந்தம் உதிரும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மலரில் நிகழ்வதில்லை. சிறு வண்டுகள் வராத வளவில், விரிந்த மலரின் மகரந்தத்தை மென்மையான தூரிகையால் எடுத்து, அரைகுறையாய் விரிந்த மலர்களின் உள்ளே தடவிவிடுங்கள். சில நாட்களிற் பிஞ்சு கட்டுவதைக் காணலாம்.

வெளிநாடு சென்று திரும்புவோர் அரிய விதைகளைச் சட்டைப்பையில் மறைத்துக் கொண்டுவருவது தவறு. விதையோடு நோயும் பூச்சியும் வரலாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு அனுமதி வேண்டுமென்கிறது.

நேயர்களே, நெல் விதைகளை உலர்த்திக் குளிரறையில் ஆண்டுக்கணக்காகக் காக்கலாம். உலர்ந்தால் இறக்கும் விதைகளை அவ்வாறு காக்க முடியாது. அவ்வினங்கள் உயிரோடு நிற்கும் மரங்களாகவே காக்கப்பட வேண்டும். அரசாங்கப் பூங்காக்கள் சிலவற்றைக் காக்கின்றன; ஏனையவை நம் வளவுகளிலும் கோயில் வீதிகளிலும் பாடசாலைகளிலுமே நிற்கின்றன. பெயர் தெரியாத மரத்தைத் தறிப்பது எளிது. நான் அதைச் செய்தேன். ஆகையால், வளர்க்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தகரத்துண்டில் ஆணியாற் பெயரைக் கீறித் தொங்கவிடுங்கள். ஒரு கொப்பியில் அதன் தமிழ்ப் பெயர், இலத்தீன் பெயர், தந்தவர் யார், நட்ட நாள் எது என்பவற்றைக் குறித்து வையுங்கள். பெயர் தெரியாவிட்டால், பூவோடும் இலையோடும் கூடிய சிறு கொப்பு ஒன்றைப் பத்திரிகைத் தாள்களிடையே அழுத்தி உலர்த்தி, பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரக் காப்பகத்தாரிடம் கேட்கலாம். அதற்கு முன், உங்கள் ஊரில் மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள். அவரிடம் கேட்கும் வாய்ப்பு என்றும் இருக்காது.

அந்த முதியவர் வேறோர் ஊரின் வீரைமரத்தடியிலிருந்து விதைகள் கொண்டுவந்து தந்தார். பிள்ளைகளும் நானும் பத்துக் கன்றுகள் நட்டோம். ஏழு தப்பின. அவற்றில் எது ஆண், எது பெண் என்பது பூக்கும்வரை தெரியாது. வீரை மெல்ல வளரும் மரம். நான் இப்போது வேறு பாடசாலையில் இருக்கின்றேன். எனினும், ஆண்டுதோறும் ஒருமுறை அங்கே சென்று, அவை பூத்துவிட்டனவா என்று பார்த்து வருகின்றேன். தகரத்துண்டுகள் ஏழும் இன்னும் அங்கே தொங்குகின்றன.