மின்கற்றல் பாட ஆக்கக் கருவிகளில் தமிழ் உரையின் நீள வரம்பு: எண்ணும் அலகு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

மின்கற்றல் பாடங்களை உருவாக்கும் கருவிகள் தலைப்பு, பொத்தான், வினா, விடை ஆகியவற்றின் நீளத்திற்கு வரம்பு விதிக்கின்றன. அவ்வரம்பு 'இத்தனை எழுத்து' என்று திரையில் காட்டப்பெற்றாலும், கணினி எண்ணுவது தமிழ் இலக்கணம் கூறும் எழுத்தை அன்று. குறியீட்டுப் புள்ளி, பைட்டு, மாற்றுக்குறி எனக் கருவியின் ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு அலகால் எண்ணுகிறது. இவ்வேறுபாட்டினால் தமிழில் பயிலும் மாணவரின் விடையும் கற்றல் பதிவும் அவரறியாமலே குறைவுபடுகின்றன என்பதைத் திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்தின் பெயரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்கற்றல், பாட ஆக்கக் கருவி, ஒருங்குறி, எழுத்தெண்ணிக்கை, ஸ்கார்ம், மூடில், கட்டளைக் கலித்துறை

முன்னுரை

திருச்சிராப்பள்ளியிலுள்ள கல்லூரி ஒன்றின் இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்காக, நகரின் இடப்பெயர்களை அடிப்படையாகக் கொண்ட சிறு மின்பாடம் ஒன்றை இக்கட்டுரையாளர் உருவாக்கினார். லால்குடி, மண்ணச்சநல்லூர், ஸ்ரீரங்கம் முதலிய பகுதிகளிலிருந்து வரும் அம்மாணவர்கள் நாள்தோறும் கூடிப் பிரியும் இடம் சத்திரம் பேருந்து நிலையம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியில் சில பக்கங்களைப் படித்து, விட்ட இடத்திலிருந்து வீட்டில் தொடர வேண்டும் என்பதே பாடத்தின் அமைப்பு.

இருவேறு தடைகள் எழுந்தன. பொத்தானின் பெயருக்கு 20 எழுத்து வரம்பு இருந்தது. பேருந்து நிலையத்தின் ஆங்கிலப் பெயர் இடைவெளிகள் உட்பட 19 எழுத்து. அது முழுமையாக இடம்பெற்றது. தமிழ்ப்பெயர் 'சத்திரம் பேருந்து நிலையம்', இடைவெளிகள் உட்பட 15 எழுத்தேயாயினும், 'சத்திரம் பேருந்து நி' என்று அறுந்து நின்றது. இரண்டாவது தடை இதனினும் கடியது. விடைகளைத் தமிழில் விரிவாக எழுதிய மாணவர்களுக்கு மட்டும் பாடம் விட்ட இடத்திலிருந்து தொடராமல் ஒவ்வொரு முறையும் முதற்பக்கத்திற்கே திரும்பியது. ஒருசொல் விடையோடு நிறுத்தியவர்களுக்குச் சிக்கல் இல்லை. மிகுதியாக எழுதியவர் தண்டிக்கப்பட்டார் என்பதே இதன் பொருள். இதற்கான காரணத்தைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

எழுத்து என்பது எது?

எழுத்தை எண்ணி வரம்பிடும் முறை தமிழுக்குப் புதியதன்று. கட்டளைக் கலித்துறையின் இலக்கணமே எழுத்தெண்ணிக்கையில் நிற்கிறது. ஓரடி நேரசையில் தொடங்கின் 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கின் 17 எழுத்தும் பெறவேண்டும். ஒற்றுகள் கணக்கில் சேரா. திருவரங்கத்தமுதனார் இயற்றிய இராமானுச நூற்றந்தாதியின் 108 பாடல்களும் இவ்வரம்பிற்குட்பட்டவை. எண்ணப்படுவது எது, விடப்படுவது எது என்பதை யாப்பிலக்கணம் முன்கூட்டியே வரையறுத்துவிட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. கணினிக் கருவிகளில் இல்லாதது அந்த வரையறைதான்.

யாப்பு நெறிப்படி ஒற்று நீக்கி எண்ணினால் 'சத்திரம் பேருந்து நிலையம்' என்பது சொல்லுக்கு மூன்றாக 9 எழுத்து. ஒற்றையும் சேர்த்து எழுத்தாக எண்ணினால் 13. ஒருங்குறியில் இக்கணக்கு மாறுகிறது. ஒருங்குறித் தமிழ்ப் பகுதியில் உயிர்மெய் 216-க்கும் தனித்தனி இடம் இல்லை. அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீட்டுப் புள்ளிகளாக உள்ளன. 'ச' ஒரு புள்ளி, 'தி' இரண்டு, 'ம்' இரண்டு. இவ்வாறு எண்ணினால் நிலையத்தின் பெயர் 23 குறியீட்டுப் புள்ளிகள். இரு இடைவெளிகளைச் சேர்த்தால் 25. வலைப்படிவங்களில் உச்ச நீளத்தை விதிக்கும் எச்.டி.எம்.எல். பண்பு எண்ணுவது இவ்வலகையே. இருபதாவது அலகு 'நி' என்பதன் இகரக் குறியோடு முடிவதால்தான் பொத்தானின் பெயர் அவ்விடத்தில் அறுந்தது. வரம்பு 19 ஆக இருந்திருந்தால் இகரமும் நீங்கி 'ந' மட்டுமே எஞ்சியிருக்கும். 24 ஆக இருந்திருந்தால் இறுதிப் புள்ளி மட்டும் உதிர்ந்து 'நிலையம' என்றாகியிருக்கும். இதைத் தட்டச்சுப் பிழை என்றே திருத்துநர் கருதுவார்.

பைட்டுக் கணக்கு இன்னும் வேறானது. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறியீட்டுப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று. ஆகவே நிலையத்தின் தமிழ்ப்பெயர் 71 பைட்டு. ஆங்கிலப் பெயர் 19 பைட்டே. இருபது பைட்டில் வெட்டும் கருவியில் 'சத்திர' என்பதோடு உரை நின்றுவிடும். மகரத்தின் மூன்று பைட்டுகளில் இரண்டு மட்டும் எஞ்சிச் சிதைந்த குறியாகத் தோன்றும்.

தரவுத்தள அடுக்கு

மூடில் போன்ற கற்றல் மேலாண்மை அமைப்புகளில் பாடத்தலைப்பு, வினாவின் பெயர் முதலியன தரவுத்தளத்தின் குறுவுரைப் புலங்களில் சேமிக்கப்படுகின்றன. 255 என்னும் எண் இப்புலங்களில் பெருவழக்கு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் குறுவுரைப் புலத்தைக் குறியீட்டுப் புள்ளிகளால் அளக்கிறது. ஆனால் அதே தரவுத்தளம் இயல்பான நெடுவுரைப் புலத்தை 65,535 பைட்டு என்று அளக்கிறது. தமிழுக்கு அது 21,845 குறியீட்டுப் புள்ளிகள். நம் சான்றுப் பெயரின் விகிதத்தைக் கொண்டால் ஏறத்தாழ 12,000 எழுத்து. ஒரே தளத்தில் அருகருகே உள்ள இரு பெட்டிகள் இருவேறு முழக்கோலால் அளக்கப்படுகின்றன.

மூடிலின் குறுவுரைப் புலங்களுக்கான உச்ச நீளம் 1333 என்பது முதற்பார்வையில் பொருளற்ற எண்ணாகத் தோன்றும். ஆரக்கிள் தரவுத்தளப் புலத்தின் மரபான வரம்பாகிய 4000 பைட்டை மூன்றால் வகுத்தால் கிடைப்பதே அது. மூன்று பைட்டு வரிவடிவங்களையும் கருத்திற்கொண்டு வரம்பை வகுத்த அரிய இடம் என்று இதனைச் சுட்டலாம்.

மூன்று பைட்டும் போதாத தமிழ்க் குறிகளும் உண்டு. முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகள் 2019-இல் வெளிவந்த ஒருங்குறி 12.0 பதிப்பில் தனிப்பகுதியாகச் சேர்க்கப்பட்டன. இவை ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்டு தேவை. மைஎஸ்கியூஎல்லின் பழைய யூடிஎஃப்-8 அமைப்போ மூன்று பைட்டுக்குமேல் ஏற்பதில்லை. கடுமைநிலை நீக்கப்பட்ட தளங்களில் அக்குறி வரும் இடத்தோடு எஞ்சிய உரை முழுதும் வெட்டப்படும். கல்வெட்டியல் பாடத்தில் நில அளவையை விளக்கும் பத்தி நடுவே நின்றுவிடுமாயின், வரம்பு மீறியதாகக் கருதிப் பத்தியைச் சுருக்குவதால் பயனில்லை. அங்குக் காரணம் நீளமே அன்று.

பாடத்தின் நினைவு மறையும் இடம்

முன்னுரையில் குறித்த இரண்டாவது சிக்கலின் வேர் ஸ்கார்ம் 1.2 என்னும் தரநிலையில் உள்ளது. 2001-இல் வெளிவந்த இத்தரநிலை, பாடத் தொகுப்புகளைக் கற்றல் மேலாண்மை அமைப்புகளோடு இணைக்க இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. மாணவர் பாடத்தை இடையில் நிறுத்தும்போது அவருடைய நிலையையும் விடைகளையும் ஒரு சரமாகச் சேமிக்க அது ஒதுக்கும் இடம் 4096 குறிகள். மாணவர் நின்ற இடத்தைக் குறிக்கும் புலத்திற்கு 255. ஸ்கார்ம் 2004-இன் பிந்திய பதிப்புகள் முதற்குறித்த இடத்தை 64,000 ஆக உயர்த்தின. எனினும் பழைய தொகுப்புகளும் பழைய வடிவில் ஏற்றுமதி செய்யும் வழக்கமும் நீடிக்கின்றன.

ஆங்கிலத்திற்கு 4096 என்பது சிற்றிடமாயினும் பயன்படும் இடம். தமிழுக்கு அவ்விடம் சுருங்குவதற்குக் காரணம், சேமிக்குமுன் உரையை மாற்றுக்குறிகளாக எழுதும் பழக்கம். ஜேசன் வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளியையும் சாய்கோட்டுடன் கூடிய ஆறு குறிகளாக எழுதும் நிரல்கள் பல. பிஎச்பி மொழியின் இயல்பான நடத்தையும் அதுவே. அவ்வாறு எழுதினால் நிலையத்தின் பெயர் 140 குறிகள். வலைமுகவரிக்குரிய விழுக்காட்டுக் குறிமுறையில் ஒரு குறியீட்டுப் புள்ளிக்கு ஒன்பது, இடைவெளிக்கு மூன்று எனப் பெயர் 213 குறிகளாகிறது. யாப்பில் 9 எழுத்தாக நின்ற தொடர் இங்கு 213 ஆக வளர்ந்துவிட்டது. ஒரு சொல்லுக்கு ஆறு எழுத்தும் பத்துக் குறியீட்டுப் புள்ளியும் எனக் கொண்டு கணக்கிட்டால், விழுக்காட்டுக் குறிமுறையில் 4096 குறிகளுக்குள் அடங்குவன 44 தமிழ்ச் சொற்கள். ஆறெழுத்து ஆங்கிலச் சொற்களாயின் 455 அடங்கும்.

இக்கட்டுரையாளர் பயன்படுத்திய கருவி செய்ததும் இதுவே. மாணவர் தம் பேருந்துப் பயணம் பற்றி இரு பத்தி எழுதினால் சரம் வரம்பை மீறும். தரநிலைப்படி அமைப்பு 405 என்னும் பிழையெண்ணைத் தந்து சேமிக்க மறுக்கும். அப்பிழையெண்ணை மாணவருக்கு அறிவிக்கும் பொறுப்பு பாடத் தொகுப்பினுடையது, அது அறிவிக்கவில்லை. 'சேமிக்கப்பட்டது' என்று நம்பி மாணவர் பேருந்தில் ஏறிவிடுகிறார். இந்த மௌனமே வரம்பைவிடப் பெரிய குறை என்பது கட்டுரையாளரின் கருத்து. ஸ்கார்ம் 1.2 வரம்பைத் தளர்த்தும் தேர்வு ஒன்று மூடிலின் நிர்வாகப் பகுதியில் உண்டு. பாடத்தை ஆக்குபவர் அதனை இயக்க இயலாது. தள நிர்வாகியிடம் கேட்டுப்பெற வேண்டும்.

சொல்லெண்ணிக்கையும் விடை ஒப்பீடும்

கட்டுரை வினாக்களில் எழுத்திற்கு மாறாகச் சொல்லெண்ணிக்கை வரம்பாக அமையும். 'போய்க்கொண்டிருந்தான்' என்று சேர்த்தெழுதுபவருக்கு ஒரு சொல். 'போய்க் கொண்டு இருந்தான்' என்று பிரித்தெழுதுபவருக்கு மூன்று. இஃது ஒட்டுநிலை மொழிக்கு இயல்பான சிக்கல், ஆசிரியர் அறிந்ததே. நிரல் செய்யும் பிழையோ அவர் கண்ணில் படுவதில்லை. பைத்தான் மொழியின் இயல்பான தேடற்கோவை உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் உறுப்பாக ஏற்பதில்லை. அதன் கணக்கில் 'பேருந்து' நான்கு துண்டுகள். 'சத்திரம்', 'நிலையம்' இரண்டும் மும்மூன்று. மூன்று சொல் பெயர் பத்துச் சொல்லாகிறது. இத்தகைய கோவையால் எண்ணும் தளத்தில் 200 சொல் வரம்புக்குள் எழுதிய மாணவர் வரம்பு மீறியவராகக் காட்டப்படுவார்.

குறுவிடை ஒப்பீட்டிலும் இதே அடிப்படை உண்டு. 'கோ' என்பதை இரண்டு குறியீட்டுப் புள்ளிகளாகவும் மூன்றாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஸ்ரீரங்கம் என்னும் ஊர்ப்பெயரின் முதலெழுத்தோ சகரத்தின் இருவேறு கிரந்தக் குறிகளால் எழுதப்படுகிறது. அவற்றுள் ஒன்று ஒருங்குறியில் சேர்ந்தது 2005-இல்தான். இரண்டும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவாகத் தோன்றும். முன்னதை இயல்பாக்க நிரல் சீர்செய்துவிடும்; பின்னதைச் சீர்செய்யாது. ஸ்ரீரங்கத்து மாணவர் தம் ஊர்ப்பெயரையே பிழையாக எழுதியதாக மதிப்பெண் இழக்க இது போதும். திருவரங்கம் என எழுதுக என்பார் உளர். பேருந்தின் பெயர்ப்பலகை அதற்கு உடன்பட வேண்டுமே!

குறிமுறையை மாற்றுவது தீர்வாகுமா?

தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டு உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி ஒருங்குறியைத் தகுதரமாகவும், ஒருங்குறி இயங்காத இடங்களுக்கு டேஸ் 16 என்னும் அனைத்தெழுத்துக் குறிமுறையை மாற்றாகவும் அறிவித்தது. பின்னதில் ஒவ்வோர் எழுத்தும் ஒரே அலகு. ஆகவே நிலையத்தின் பெயர் இடைவெளிகள் உட்பட 15 அலகுகளில் அடங்கும். இலக்கண எழுத்தும் கணினி எழுத்தும் ஒன்றாகும் இவ்வமைப்பின் அழகை மறுப்பதற்கில்லை. எனினும் அது தனிப்பயன் பகுதியில் அமைவதால் யூடிஎஃப்-8 முறையில் அங்கும் எழுத்துக்கு மூன்று பைட்டே. பெயர் 41 பைட்டாகும். 71-ஐ நோக்க இது குறைவுதான். ஆனால் மாணவரின் கைப்பேசியும் தேடுபொறியும் அறியாத குறிமுறையில் பாடத்தைச் சேமித்து ஈட்டும் சிக்கனம் எவருக்கும் உதவாது.

குறை குறிமுறையில் இல்லை என்றே தோன்றுகிறது. உரையை மாற்றுக்குறியாக்காமல் அப்படியே சேமித்தால் 4096 இடத்தில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு தமிழ் கொள்ளும். பயனருக்குக் காட்டும் எண்ணிக்கையை ஒருங்குறியின் எழுத்துக்கொத்து விதிப்படி கணக்கிடும் வசதி இன்றைய உலாவிகளில் உண்டு. அவ்விதிப்படி 'சத்திரம் பேருந்து நிலையம்' இடைவெளிகள் உட்பட 15 என்றே வரும். 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவை மட்டும் இரண்டாக எண்ணப்படும், அதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கருவி மாறும்வரை ஆசிரியர் செய்யத்தக்க சோதனை எளியது. பாடத்தை மாணவருக்கு அளிக்குமுன், விடைப்பெட்டிகள் அனைத்திலும் வகுப்பில் மிகுதியாக எழுதும் மாணவர் எழுதும் அளவுக்குத் தமிழில் நிரப்பி, பாடத்தை மூடி, வேறொரு கைப்பேசியில் மீண்டும் திறந்து பார்த்தல் வேண்டும். இடப்பெயர்ப் பாடத்தின் இரண்டாம் வடிவம் இவ்வாறு சோதிக்கப்பட்டது. நீள்விடைகள் ஸ்கார்ம் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டு மூடிலின் கட்டுரை வினாக்களாக மாற்றப்பட்டன. பொத்தானில் 'சத்திரம்' என்று மட்டும் இடப்பட்டது. நடத்துநர் அழைப்பதும் அப்படித்தான்.