83-க்கும் 92-க்கும் நடுவே

பழனிச்சாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? ஒருவர் 'சாமி' என்பார், இன்னொருவர் 'ஸ்வாமி' என்பார். இன்ஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். பழனிமலை அடிவாரத்தில் தெருவுக்குத் தெரு பழனிச்சாமிகள். அவர்களில் ஒருவர் புற்றுநோயோடு ஒட்டன்சத்திரம், மதுரை, அடையாறு என்று அலைந்தால் மூன்று ஏடுகளில் மூன்று நோயாளிகள் ஆகிவிடுவார். அந்த மூவரையும் மறுபடி ஒருவராக்குவதுதான் புற்றுநோய்ப் பதிவேட்டின் வேலை.

திண்டுக்கல் மாவட்டத்துக்கு அப்படியொரு பதிவேடு, ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில், கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய சுகாதார மையத்தில் உருவானது. அடையாறு புற்றுநோய் நிலையம் துணை நின்றது. நோயாளியின் ஊர்தான் இதில் கணக்கு. கொடைக்கானல்காரர் சென்னையில் சிகிச்சை பெற்றாலும் திண்டுக்கல் கணக்கில் வருவார். தேனிக்காரர் திண்டுக்கல்லில் படுத்திருந்தாலும் வரமாட்டார். ஆஸ்பத்திரி ஏடு, ஆய்வகச் சீட்டு, இறப்புப் பதிவு என்று ஆட்கள் தேடிப்போய் எழுதி வரவேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இந்த மாவட்டம் உலக மருத்துவத்துக்குக் கொடுத்த பெரிய விடை இத்தகைய வேலையிலிருந்துதான் வந்தது.

கேள்வி இது: ஆய்வகமும் டாக்டரும் எட்டாத கிராமத்தில், பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்துக் கண்ணால் பார்த்தே, கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து உயிரைக் காக்க முடியுமா? அது வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். மாறுபட்ட செல்கள் இருந்தால் அந்த இடம் வெளுக்கும். அம்பிளிக்கை மருத்துவர்களும் அடையாறும், பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் ஆர். சங்கரநாராயணன் குழுவும் கைகோத்தனர். மாவட்டத்தில் 114 பகுதிகளைக் குலுக்கிப்போட்டு, 57-இல் சோதனை; மற்ற 57-இல் வழக்கமான மருத்துவம் மட்டும். 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 31,343 பெண்கள் சோதித்துக்கொண்டார்கள்.

பதிவேட்டின் வழியே 2006 வரை அந்தப் புற்றுநோயால் நடந்த இறப்புகளை எண்ணியபோது சோதனைப் பகுதிகளில் 83, மற்றவற்றில் 92. இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும். இங்கேதான் கணக்கு கைகொடுக்கிறது. ஒருவரை ஓராண்டு கவனித்தால் அது ஒரு 'நபர்-ஆண்டு'. சோதனைப் பகுதிகளில் பெண்கள் அதிகம். அங்கே சேர்ந்தவை 2,74,430 நபர்-ஆண்டுகள். மறுபக்கம் 1,78,781தான். வகுத்துப் பாருங்கள்: லட்சம் நபர்-ஆண்டுக்கு ஒரு பக்கம் 30 சாவு, மறுபக்கம் 51. வயது முதலிய வேறுபாடுகளைச் சரிசெய்த பிறகும் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. நோய் வருவதே 25 சதவீதம் குறைந்தது. 2007-இல் 'லான்செட்' இதை வெளியிட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. அழைத்தும் சோதனைக்கு வராத பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அவர்களைக் கழித்துவிட்டிருந்தால் முடிவு இன்னும் பளிச்சென்று தெரிந்திருக்கக்கூடும். கழிக்கவில்லை, சோதனைப் பகுதிகளின் 49,311 பேரும் கணக்கில் இருந்தார்கள்.

மலை மேலே கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களை இன்று கணினியில் ஏற்றி எவரும் பார்க்கத் திறந்துவைத்திருக்கிறது. அடிவாரத்து அம்பிளிக்கைப் பதிவேட்டின் 2003–2007 எண்களும் அதுபோலவே, லியோன் முகமையின் 'ஐந்து கண்டங்களில் புற்றுநோய்' 10-ஆம் தொகுதியில் உலகத்துக்குத் திறந்து கிடக்கின்றன. பெயர்கள் அதில் இல்லை, எண்ணிக்கை மட்டுமே.

இதே அசிட்டிக் அமில முறையைத் தமிழக அரசு முதலில் சோதித்துப் பார்த்த மாவட்டங்கள் இரண்டு: தஞ்சாவூரும், பழனிமலையின் மறுசரிவில் இருக்கும் தேனியும். பிறகு மாநிலம் முழுக்க வந்தது. வீட்டில் 30 வயது கடந்த பெண்கள் இருந்தால் பக்கத்து அரசு மருத்துவமனையில் இந்தச் சோதனையைக் கேளுங்கள். சில நிமிடம்தான் ஆகும், காசு கிடையாது.