கெடுபிடி திருத்துமா?

சிவகிரியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் முதல்முறையாக பைக் திருட்டில் சிக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அவனை விசாரிப்பது, ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமம். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கே போய் விசாரிப்பார். படிப்பை ஏன் விட்டான், யாரோடு சுற்றுகிறான், அப்பாவுக்கு வேலை உண்டா எல்லாம் 15 நாளுக்குள் அறிக்கையாக வேண்டும்.

குற்றம் உறுதியானாலும், மூன்றாண்டு வரையிலான கண்காணிப்போடு அவனைப் பெற்றோரிடமே ஒப்படைக்கலாம். இந்த அணுகுமுறை நமக்குப் புதிதல்ல. சென்னை மாகாணம் 1920இலேயே குழந்தைகள் சட்டம் இயற்றியது.

ஆனால் எப்படிக் கண்காணிப்பது? கெடுபிடி கூடினால் திருந்துவான் என்பது பலரின் நம்பிக்கை. அமெரிக்காவில் அதைச் சோதித்தே பார்த்தார்கள். ஜோன் பீட்டர்சிலியாவும் சூசன் டர்னரும் 14 திட்டங்களில் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 1993இல் வெளியானது. அடிக்கடி சந்திப்பு, போதைப் பரிசோதனை என்று நெருக்கியும் மறுகைது குறையவில்லை. நிபந்தனை மீறல்கள்தான் அதிகம் பிடிபட்டன. கூடவே சிகிச்சை, வேலை போன்றவற்றில் ஈடுபட்டவர்களிடம்தான் மறுகைது குறைவாக இருந்தது.

அது பெரியவர்களிடம் நடந்த சோதனை. வளரும் பிள்ளைகளுக்கு அந்தத் துணை இன்னும் அவசியம். அலுவலரின் நேரம் கையெழுத்து வாங்குவதில் கழிவதைவிட, பையனை ஐடிஐயில் சேர்ப்பதிலும் குடிக்கும் அப்பாவிடம் பேசுவதிலும் செலவாகட்டும்.