கச்சான் காலத்தில் உறங்கும் அறை

எமது முன்னோர் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் சூரியனைப் பார்த்தே பெயர் வைத்தார்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. சூரியன் படும் பக்கம் படுவான்கரை. படுவான்கரையில் வயலும் மாடும் வாடியும் வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் 1990 தொடக்கம் 2007 வரையான காலத்தில் ஒரு தடவையோ பல தடவையோ இடம்பெயர்ந்தன. எழுவான்கரையில் உறவினர் வளவிலும், வாடகை அறையிலும், தகரக் கொட்டிலிலும் ஒதுங்கின. சிலர் திரும்பிப் போனார்கள். சிலரால் இன்னும் முடியவில்லை. சூரியனைப் பார்த்துக் கரைக்குப் பெயர் வைத்தவர்களின் பிள்ளைகள், சூரியனைப் பாராமல் அவசரத்தில் கட்டிய அறைகளில் இன்று வியர்த்துக் கிடக்கிறார்கள்.

காத்தான்குடியை எடுத்துக்கொள்வோம். மேற்கே வாவி, கிழக்கே கடல். இடையில் உள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் ஏறக்குறைய 40,000 மக்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், கை நீட்டினால் அடுத்த வீட்டைத் தொடும் ஒழுங்கைகள். தண்ணீர் இரு பக்கமும் இருந்தும் காற்று வீட்டுக்குள் வர வழியில்லை. பிரதான வீதியின் நடுவே நிற்கும் பேரீச்ச மரங்கள் கண்ணுக்கு அழகு. ஆனால் அவற்றின் நிழல் எந்த வீட்டுக் கூரையிலும் விழுவதில்லை.

வைகாசி தொடக்கம் ஆவணி வரை எமது பகுதியில் கச்சான் வீசும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குப் பக்கத்திலே கொட்டிவிட்டு, மலை இறங்கி வரும்போது காய்ந்து சூடேறி எம்மிடம் வருகிறது. அக்காலத்தில் பகல் வெப்பம் 33 பாகை செல்சியசைத் தாண்டுவது வழமை. இரவிலும் 25, 26 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. வெளியே இவ்வளவு என்றால் கூரைக்குக் கீழே அதைவிடக் கூட.

உறக்கம் வருவதற்கு உடலின் உட்சூடு சற்று இறங்க வேண்டும். அந்தச் சூடு தோல் வழியாக வெளியேற வேண்டும். சுற்றிலும் சூடாக இருந்தால் அது வெளியேறாது. ஆள் புரண்டுகொண்டே கிடப்பார். தூங்காத இரவின் கூலியை மறுநாள் வயலில் மண்வெட்டி பிடிக்கும் கை கொடுக்கிறது, பாடசாலையில் பிள்ளை கொடுக்கிறது, பாலூட்டும் தாய் கொடுக்கிறாள். ஆகவே இது சொகுசைப் பற்றிய பேச்சல்ல.

வெப்பம் வரும் வழி

வெள்ளாமை செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். வரம்பில் மறிக்காத தண்ணீரை வயலுக்குள் நின்று இறைத்து முடியாது. வெப்பமும் அப்படித்தான். அறைக்குள் வந்த பிறகு விசிறியால் விரட்டுவதைவிட வரும் வழியிலே மறிப்பது இலகு, செலவும் குறைவு.

அது பெரும்பாலும் இரண்டு வழிகளால் வருகிறது. முதலாவது கூரை. மத்தியானம் முழுவதும் வெயில் நேரே விழுவது அங்கேதான். இரண்டாவது மேற்குச் சுவர். பின்னேரச் சரிவு வெயிலைக் குடித்த சீமெந்துக் கல், அதை இரவு பத்து, பதினொரு மணி வரை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும்.

எமது பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். மண்சுவர், கிடுகோ இலுக்கோ வேய்ந்த தடித்த கூரை, சுவரில் வெயில் படாதபடி தாழ இறங்கிய தாழ்வாரம், முன்னால் திண்ணை. வயற்காவலுக்குப் பரணில் படுத்தவர்கள் அதைவிட நன்றாக உறங்கினார்கள். பரணுக்கு மேலே ஓலை, நான்கு பக்கமும் திறப்பு, படுக்கைக்குக் கீழேயும் காற்று. இனி நாம் சொல்லப்போவதெல்லாம் இந்தப் பரணில் உள்ளவைதான்.

கூரையில் செய்யக்கூடியவை

தகரக் கூரை: தகரம் பகலில் கைவைக்க முடியாத அளவு சூடேறி, அடுப்பு மூடி போலக் கீழே அனலைத் தள்ளும். சூரியன் மறைந்ததும் விரைவில் ஆறிவிடும். பகலில் குழந்தையையும் நோயாளியையும் வாட்டுவது இதுவே. தகரத்துக்கு மேலே சிலாகைகளைக் குறுக்கே வைத்து, ஒரு சாண் இடைவெளி விட்டு, கிடுகு பரப்பிக் கட்டினால் வெயில் கிடுகில் தங்கிவிடும். இடைவெளியில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோகும். கச்சான் பலமாக வீசும் என்பதால் கயிற்றை இறுக்கிக் கட்டவேண்டும். ஐப்பசி மழைக்கு முன் கிடுகை இறக்கிவிடுங்கள். நனைந்த கிடுகு தகரத்தைத் துருப்பிடிக்கச் செய்யும், பாரமும் கூடும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்களுக்கு, கூரையில் தளர்வாகக் கிடக்கும் எதுவும் என்ன செய்யும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

மேலே ஏற முடியாவிட்டால் உள்ளே உட்கூரை போடலாம். வெற்று உரப்பைகளைக் கழுவி, பிரித்து, ஒன்றோடொன்று தைத்து, தகரத்துக்கு ஒரு முழம் கீழே கைமரத்தில் இழுத்துக் கட்டுங்கள். பன்பாயும் உதவும். முகட்டுக்குக் கீழே இரு முனையிலும் திறப்பு விட்டால்தான் மேலே தேங்கும் சூட்டுக் காற்று வெளியேறும். குப்பி விளக்கும் அடுப்பும் உள்ள இடத்தில் கிடுகும் உரப்பையும் வேண்டாம். தீ ஒரு நொடியில் பற்றும்.

சீமெந்துத் தட்டு: காத்தான்குடியில் மாடி அறையை வாடகைக்கு எடுத்திருப்போர் அறிந்த துன்பம் இது. தட்டு பகல் முழுவதும் வெயிலைச் சேமித்து இரவு முழுவதும் இறக்கும். இதற்கு மலிவான மருந்து வெள்ளைச் சுண்ணாம்பு. தட்டைப் பெருக்கிக் கழுவி, நீற்றிய சுண்ணாம்பைத் தடிப்பாகக் கரைத்து, வடித்து, ஒட்டுவதற்குச் சிறிது பசை சேர்த்து, இரண்டு மூன்று தடவை பூசவேண்டும். வெள்ளை நிறம் வெயிலின் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஆண்டுதோறும் மழை முடிந்ததும் மீண்டும் பூச வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஈரச் சுண்ணாம்பு தகரத்தின் நாகப் பூச்சை அரிக்கும் என்பதால் தகரத்துக்கு இது ஏற்றதல்ல. தகரத்துக்குரிய வெள்ளைப் பெயின்ரையே பூசவேண்டும்.

இந்தியாவின் அகமதாபாத் நகரில் 2010 மே மாத வெப்ப அலையின்போது, வழமையைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதன் பின்னர் 2013இல் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்வதற்கென ஒரு திட்டத்தை வகுத்தது. 2017இல் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையும் தொடங்கியது. தெலுங்கானா மாநிலம் 2023இல் குளிர்கூரைக்கென ஒரு கொள்கையையே கொண்டுவந்தது. எமது பாட்டிமார் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் சுவருக்குப் பூசிய அதே வெள்ளையை அங்கே கூரைக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

அஸ்பெஸ்ரஸ் கூரை: இதைச் சுரண்டவோ, துளையிடவோ, காய்ந்தபடி துடைக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். உட்கூரையை மரத்திலேயே கட்டுங்கள்.

மேற்குச் சுவர்

சுவருக்கு வெளியே இரண்டடி தள்ளிப் பந்தல் போட்டு, பாகல், பீர்க்கு, புடோல், அவரை ஏதாவது ஒன்றைப் படரவிடுங்கள். சுவருக்கு நிழல், சட்டிக்குக் கறி. முருங்கைத் தடி ஒன்றை நட்டால் ஒரு வருடத்தில் நிழல் தரும். வேம்பு மெதுவாக வளரும், ஆனால் பிள்ளைகளின் காலம் வரை நிற்கும். நிலம் சொந்தமில்லாதவர்கள் கிடுகுத் தட்டி ஒன்றைச் சுவருக்கு வெளியே சாய்த்து வைக்கலாம். திரும்பிப் போகும் நாளில் அதைக் கழற்றிக்கொண்டு போகவும் முடியும்.

காற்றும் நேரமும்

ஒரு யன்னல் மட்டும் உள்ள அறையில் காற்று நுழையாது. வெளியேற வழியிருந்தால்தான் உள்ளே வரும். எதிர்ச்சுவரில் கூரைக்குக் கீழே நான்கு கற்களைக் கழற்றி, துளையுள்ள சீமெந்துக் கல்லை வைத்தாலும் போதும்.

கச்சான் அனலாய் அடிக்கும் பகலில் மேற்கு யன்னலை மூடிவையுங்கள். அல்லது அதிலே சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள். காய்ந்த காற்று ஈரச் சாக்கினூடாக வரும்போது தண்ணீர் ஆவியாகி, காற்று குளிரும். கடற்காற்று வீசும்போதோ, புழுக்கமான இரவிலோ இது பயன்படாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். மாலையில் வெளிக்காற்று உள்ளே உள்ளதைவிடக் குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். சாக்கை நனைக்கும் வாளியில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கக் கூடாது. டெங்கு நுளம்பு அங்கேதான் பெருகும்.

மின்விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை; வியர்வையைக் காயவைத்து எம்மைக் குளிர்விக்கிறது. 70 வாற்று விசிறி எட்டு மணித்தியாலம் ஓடினால் அரை அலகுக்குச் சற்று அதிகம், மாதத்துக்கு ஏறக்குறைய 17 அலகு. 2022 மார்ச் முடிவில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விசிறியை மட்டும் நம்பிய அறை அன்று அடுப்பானது. குளிரூட்டியோ தன் அறையின் சூட்டை ஒழுங்கையில் தள்ளுகிறது. நெருக்கமான ஊரில் அது அடுத்தவர் யன்னலுக்குத்தான் போய்ச் சேரும்.

படுக்கை

ரப்பர் மெத்தை சூட்டைப் பிடித்து வைக்கும். பன்பாயும் கயிற்றுக் கட்டிலும் காற்றை விடும். சீமெந்துத் தரை குளிர்ச்சிதான். ஆனால் தரையில் உறங்குவோரை இரவில் பாம்பு தீண்டும் ஆபத்து எமது பகுதியில் உண்டு. நுளம்பு வலையைப் பாயின் கீழே சுற்றிவரச் செருகிவிட்டால் பாம்புக்கும் நுளம்புக்கும் அதுவே வேலி. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அதற்காக வலையை மடித்து வைத்துவிட வேண்டாம். வலையை உயரமாகவும் அகலமாகவும் கட்டினால் உள்ளே காற்றோட்டம் இருக்கும். படுக்குமுன் உடம்பு கழுவி, நனைத்த துணியைக் கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டால் உடற்சூடு இறங்கும்.

யன்னலைத் திறக்கும் பயம்

"எல்லாம் சரி, யன்னலைத் திறந்துபோட்டு எப்படிப் படுப்பது?" என்று தாய்மார் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள், பெண்களும் குழந்தைகளுமாக, கொல்லப்பட்டன. அந்த ஆண்டைக் கடந்து வந்தவர்களிடம் யன்னலைத் திற என்பது லேசான சொல்லல்ல. குமர்ப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் கள்வர் பயம் உள்ள ஒழுங்கைக்கும் வேறு கவலைகளும் உண்டு.

பயத்தால் மூடிய யன்னல் உயிரையும் எடுக்கும். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் சில நாள் வெப்பத்தில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தனியே வாழ்ந்த முதியவர்கள் அவர்களில் பலர். வெளியே பயம் என்று கதவையும் யன்னலையும் அடைத்துக் கிடந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். எட்டிப் பார்க்க அயலவர் இருந்த தெருக்களில் இழப்புக் குறைந்தது.

ஆகவே இரண்டு வேலை. முதலாவது வீட்டில்: ஆள் எட்டாத உயரத்தில் கம்பியும் வலையும் வைத்த திறப்புகள் விடுங்கள். கீழ் யன்னலுக்குக் கம்பி போட்டால் மறைப்புக்குத் துணி கட்டலாம். கம்பிக் கதவுக்குப் பூட்டுப் போட்டால், தீ விபத்தில் வெளியேறத் திறப்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இரண்டாவது ஒழுங்கையில்: ஒரு விளக்கு, இரவில் மாறி மாறி விழித்திருக்கும் இரண்டு மூன்று வீடு, தமிழர் முஸ்லிம் என்று பாராமல் ஒருவர் வீட்டை மற்றவர் பார்த்துக்கொள்ளும் பழக்கம்.

எட்டிப் பார்க்க வேண்டியவர்கள்

கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நீரிழிவும் இருதய நோயும் உள்ளவர்கள், தனியே இருப்போர் ஆகியோரைக் கச்சான் காலத்தில் பகலும் இரவும் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுத் தடுமாறி, மயக்கம் வந்தால் அது சாதாரண களைப்பல்ல. நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கிடுகு பின்னவும் சுண்ணாம்பு கரைக்கவும் தட்டி கட்டவும் எமது கைகளுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குத் தனியே செய்தால் நான்கு நாள். அறுவடைக்குக் கூடுவது போல ஐந்து வீட்டார் கூடினால் வீட்டுக்கு ஒரு நாள். சித்திரைக்குள் தொடங்கினால் கச்சானுக்கு முன் முடிந்துவிடும். முதலில் கைக்குழந்தை உள்ள வீட்டில் தொடங்குவோம்.