கருவிழிக்கு ஒரு சொட்டுப் பசை

சோளத்தட்டு அறுக்கும்போது சோகை கண்ணில் கீறிவிடுவது கொங்குக் காடுகளில் புதிதல்ல. அந்தக் கீறல் வழியாகப் பூஞ்சை புகுந்தால் கருவிழி புண்ணாகும். முற்றினால் ஓட்டையே விழுந்துவிடும். கருவிழியின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். கரைந்துபோன அந்தத் திசுவில் தையல் நிற்காது.

அங்கே கைகொடுப்பது சயனோஅக்ரிலேட் என்னும் மருத்துவப் பசை. கோவை அவினாசி சாலையில் 1997 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற, கருவிழிச் சிகிச்சை நடக்கும் இடங்களில் இது பழகிய முறை. ஓட்டையைச் சுற்றி ஈரத்தை ஒற்றியெடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தபடி மிகச் சிறு சொட்டு வைப்பார்கள். மிச்சமிருக்கும் ஈரம் பட்டதும் சில நொடிகளில் இறுகிவிடும். சொரசொரப்பு இமையை உறுத்தாமலிருக்க மேலே மெல்லிய கான்டாக்ட் லென்ஸ். அடியில் திசு வளர வளர, சில வாரங்களில் பசை தானாக உதிர்ந்துவிடும். ஓட்டை பெரிதென்றால் இது போதாது. கருவிழி மாற்று சிகிச்சைதான்.

கடையில் வாங்கும் ஒட்டுப்பசையும் இதே குடும்பந்தான். ஆனால் அது திசுவைச் சுட்டுவிடும், காயத்தில் வைக்கவே கூடாது. கண்ணில் சோகை கீறினால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.