இமையில் பொன் மின்னட்டும். கண்ணைக் கெடுத்துக் கொள்ளலாமா?

நவராத்திரி வந்துவிட்டால் மும்பைக்குத் தூக்கம் கிடையாது. ஒன்பது நாளும் கர்பா ஆட்டம். தாண்டியா கோலாட்டம். காட்கோபரிலும் முலுண்டிலும் போரிவிலியிலும் மைதானங்கள் விளக்கு வெள்ளத்தில் மிதக்கும்.

வீட்டில் கொலு வைத்து, சுண்டல் கொடுத்து முடித்த தமிழ்ப் பெண்களும் பக்கத்து வீட்டுக் குஜராத்தித் தோழிகளோடு ஆடப் புறப்பட்டு விடுகிறார்கள்.

பாவாடையில் கண்ணாடிச் சில்லு. கை நிறைய வளையல். இமையிலோ தங்கம்!

ஆம். இமைக்குப் பொன்னும் தாமிரமுமாகப் பூச்சு. அதன் மேல் ஜிகினாத் தூள். கண்ணை மூடித் திறந்தால் மின்னல் வெட்டுகிறது.

தாராவியில் ஓர் ஒற்றை அறை வீடு. சுவர்க் கண்ணாடி முன்னால் மகள் நிற்கிறாள். "ஏட்டி, இதென்ன கோலம்? நாடகத்துக்கா போற?" என்று கேட்கிறாள் நெல்லைச் சீமைத் தாய். "எல்லாரும் போடுதாங்கம்மா" என்கிறாள் மகள். இந்தக் காட்சியை இன்று எந்தச் சாலிலும் பார்க்கலாம்.

அழகு நிலையத்துக்குக் கொடுக்கப் பணம் ஏது? வீட்டிலேயே செய்து கொள்கிறார்கள். அதில் தவறு இல்லை. ஆனால் இமையில் வைக்கிற பொருள் என்ன என்பது பலருக்குத் தெரியாது. அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

அன்று திரையில்

இந்த மினுமினுப்பு புதிதல்ல. "கேரவன்" (1971), "ஷோலே" (1975), "டான்" (1978) ஆகிய இந்திப் படங்களில் ஹெலன் ஆடியதை அன்றைய பம்பாய்த் தமிழர்கள் கொட்டகையில் பார்த்தவர்கள்தான். பட்டையாகத் தீட்டிய கண்ணும், நீண்ட ஒட்டு இமை மயிரும், உடம்பெல்லாம் ஜிகினாவுமாக அவர் வந்தால் விசில் பறக்கும். அன்று அது சினிமாவுக்கு மட்டும் உரியது. இன்று வீட்டுக்கு வந்துவிட்டது.

அதற்கும் முன்னால் நம் நாடகக் கொட்டகைகளில் முகத்துக்குப் பூசியது அரிதாரம். நடிகர் வேஷம் கட்டுவதையே "அரிதாரம் பூசுதல்" என்கிறோம். அரிதாரம் என்பது பொன் நிறமுள்ள ஒரு கனிப்பொருள். அது பாஷாணத்தைச் சேர்ந்தது. பொன் நிறத்துக்காக நஞ்சை முகத்தில் பூசினார்கள் நம் முன்னோர். பளபளப்பைக் கண்டு மயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சொல்லே சாட்சி!

மின்னுவது எது?

இன்று கடையில் விற்கும் நல்ல இமைப் பூச்சில் மின்னுவது பெரும்பாலும் மைக்கா. அப்பிரகம் என்பார்கள். கிராமத்தில் இதற்குக் காக்காப்பொன் என்று பெயர். பாறை இடுக்கில் பளபளக்கும் தகட்டைச் சிறுவர்கள் நகத்தால் உரித்து விளையாடுவார்களே, அதேதான்!

அதை மாவாக அரைத்து, ஒவ்வொரு துகள் மேலும் டைட்டானியம் ஆக்சைடை மெல்லிய படலமாக ஏற்றுகிறார்கள். படலத்தின் கனம் மாறினால் நிறம் மாறும். மழைக் காலத்தில் தார்ச் சாலையில் சிந்திய எண்ணெய் வானவில்லாகத் தெரிகிறது அல்லவா? அதே தத்துவம்தான். இரும்பு ஆக்சைடை ஏற்றினால் தாமிரமும் வெண்கலமும் கிடைக்கும்.

சுரங்கத்தில் பிஞ்சுக் கைகள்

காக்காப்பொன்னுக்கு வேறொரு கதையும் உண்டு. ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிடி மாவட்டங்களிலும் பக்கத்துப் பீகாரிலும் இது மிகுதியாகக் கிடைக்கிறது. 1980-ம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பல சுரங்கங்கள் மூடப்பட்டன. வேறு பிழைப்பு இல்லாத மக்கள் கைவிடப்பட்ட குழிகளில் இறங்கிச் சில்லு பொறுக்கினார்கள். குழந்தைகளும் பொறுக்கினார்கள்.

2016-ம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் இதை ஆராய்ந்தபோது, இரண்டே மாதங்களில் குறைந்தது 7 குழந்தைகள் மாண்டிருந்தது வெளியே தெரிந்தது.

அதன் பிறகு பெரிய கம்பெனிகள் விழித்துக் கொண்டன. மைக்கா வாங்கும் கம்பெனிகள் சேர்ந்து 2017-ல் பாரிஸ் நகரில் ஓர் அமைப்பை ஏற்படுத்தின. குழந்தைகளை இந்த வேலையிலிருந்து மீட்பது அதன் நோக்கம். சில கம்பெனிகள் தொழிற்சாலையில் செய்த மைக்காவுக்கு மாறிவிட்டன. அப்படிப்பட்ட பூச்சில் "சிந்தெடிக் ஃபுளோர்ஃபுளோகோபைட்" என்று நீளமான பெயர் அச்சிட்டிருக்கும்.

கைவேலை ஜிகினா வேண்டாம்!

காகிதப் பூவுக்கும் வாழ்த்து அட்டைக்கும் ஒட்டுகிற ஜிகினாத் தூள் ஸ்டேஷனரிக் கடையில் சின்னப் புட்டியில் கிடைக்கிறது. விலை மலிவு. மினுமினுப்பு அதிகம். இதைத்தான் பல பெண்கள் இமையில் வைத்துக் கொள்கிறார்கள்.

இது மைக்கா அல்ல. பிளாஸ்டிக் தாளுக்கு அலுமினியப் பூச்சுக் கொடுத்துப் பொடியாக வெட்டியது. பூதக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு துகளும் அறுகோணத் தகடாகத் தெரியும். அதற்கு மூலை உண்டு. விளிம்பு உண்டு.

கண்ணின் கருவிழிக்கு மேலே உள்ள ஒளிபுகும் படலத்தின் நடுக்கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அந்தப் படலத்தில் இந்தத் தகடு கீறலாம். கீறிய இடத்தில் கிருமி புகுந்தால் புண் வரும். புண் ஆறினாலும் தழும்பு நின்றுவிட்டால் பார்வை மங்கும்.

கண்ணுக்கென்று செய்யும் ஜிகினா வேறு. துகள் மிகச் சிறியது. தோலுக்கு அனுமதிக்கப்பட்ட சாயம் சேர்த்தது. அதையும் கண்ணுக்குள் விழாமல்தான் வைக்க வேண்டும்.

வாங்கும்போது

கிராபர்டு மார்க்கெட்டைச் சுற்றிலும் அழகுப் பொருள் கடைகள் ஏராளம். லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியிலும் மையும் பொட்டும் விற்று வருகிறார்கள். எங்கே வாங்கினாலும் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

தயாரித்தவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா? உரிம எண் இருக்கிறதா? (வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதிப் பதிவு எண்.) தொகுதி எண் இருக்கிறதா? எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதா?

ஈயமும் பாஷாணமும் கலந்த சாயங்களை அழகுப் பொருளில் சேர்க்க இந்தியச் சட்டம் தடை விதித்திருக்கிறது. பெயரும் ஊரும் இல்லாத டப்பாவில் சட்டத்தை யார் பார்த்தார்கள்?

செய்யும் முறை

முதல் நாள் இரவே பூச்சைச் சிறிது முழங்கை மடிப்பில் தடவிப் பார்க்க வேண்டும். காலையில் அரிப்போ சிவப்போ இருந்தால் அந்தப் பூச்சு வேண்டாம்.

கையையும் முகத்தையும் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். முதலில் கண்ணை முடித்துவிட்டுப் பிறகுதான் கன்னத்துக்குப் பவுடர். அப்போதுதான் உதிர்கிற துகளைத் துடைத்து எடுக்க முடியும்.

இமையில் தோல் நிறப் பூச்சை மெல்லியதாகத் தடவி, மேலே துளி பவுடரை ஒற்ற வேண்டும். இது அடித்தளம். இது இல்லாவிட்டால் வியர்வையில் எல்லாம் மடிப்பில் சேர்ந்துவிடும்.

அடுத்து, மினுமினுப்பு இல்லாத பழுப்பு நிறத்தை இமை மடிப்பில் மென்மையான தூரிகையால் இப்படியும் அப்படியுமாகத் தேய்க்க வேண்டும். கண்ணின் வெளி ஓரத்தில் சற்று அழுத்தமாக இருக்கட்டும். இந்த நிழல்தான் பொன்னை எடுத்துக் காட்டும்.

இப்போது உலோக நிறம். தட்டைத் தூரிகையைத் தண்ணீரில் லேசாக நனைத்துப் பூச்சில் தொட்டு, இமை நடுவில் ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. ஈரத்தோடு ஒற்றினால் மைக்காத் துகள்கள் படுக்கையாகப் படிந்து தகடு போல ஒளிரும். தூரிகை இல்லையா? மோதிர விரல் போதும்.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் தாமிரம், வெண்கலம், பழம்பொன் ஆகியவை பொருந்தும். வெள்ளி நிறம் சில வேளை சாம்பல் பூசியது போல் தெரியும். அரக்குச் சேலைக்குத் தாமிரம். மயில்கழுத்துச் சேலைக்குப் பழம்பொன். இப்படிப் பார்த்து வைக்கலாம்.

கடைசியில் ஜிகினா. இமைக்கென்று விற்கும் பசையை நடு இமையில் மட்டும் ஒரு பொட்டு வைத்து, கண்ணை மூடியபடி ஜிகினாவை ஒற்ற வேண்டும். இமை மயிர் ஓரத்தில் இடைவெளி விட வேண்டும். கீழ் இமையின் உள் விளிம்பில் ஒருபோதும் வைக்கக் கூடாது. காய்ந்த பிறகு கண்ணைத் திறக்கலாம். கன்னத்தில் உதிர்ந்த துகளை செலோ டேப்பால் மெல்ல ஒற்றி எடுத்துவிடலாம்.

கான்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்களுக்கு ஜிகினா ஆகாது. லென்ஸுக்கு அடியில் துகள் சிக்கினால் கீறல் நிச்சயம். அவர்கள் உலோகப் பூச்சோடு நிறுத்திக் கொள்ளலாம்.

மையோ தூரிகையோ, ஒருவருடையதை இன்னொருவர் தொடக் கூடாது. கண் நோய் இப்படித்தான் வீடு முழுவதும் பரவுகிறது. ஓடுகிற ரயிலில் மை தீட்டுவதும் வேண்டாம். ஒரு குலுக்கல் போதும்!

கலைக்கும்போது

ஆடிக் களைத்து நள்ளிரவில் வந்து அப்படியே படுத்துவிடுவது பெரிய தவறு. தூங்கும்போது துகள் கண்ணுக்குள் போகும்.

பஞ்சில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டு, மூடிய இமை மேல் சில வினாடி வைத்திருந்து, மேலிருந்து கீழாக மெல்லத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் புதுப் பஞ்சு. பிறகு முகம் கழுவலாம்.

துகள் கண்ணுக்குள் விழுந்துவிட்டால் கசக்கவே கூடாது. சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். அப்படியும் உறுத்தினால், கண் சிவந்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். சயான், ஜே.ஜே. ஆஸ்பத்திரிகளில் கண் பிரிவு இருக்கிறது. கடையில் தானாக ஏதோ சொட்டு மருந்து வாங்கி விட்டுக் கொள்வது கண்ணுக்கே வினையாக முடியும்.

அப்பாவும் பார்க்கட்டும்

பல வீடுகளில் இந்தச் சாமான்களை வாங்கி வருகிறவர் அப்பாதான். டியூட்டி முடிந்து ஸ்டேஷனில் இறங்கும்போது மகள் சொன்னது நினைவுக்கு வருகிறது. முதலில் தெரிகிற கடையில் "ஜிகினா இருக்கா?" என்று கேட்கிறார். கடைக்காரர் காகிதப் பூவுக்கான புட்டியை எடுத்து நீட்டுகிறார்.

அந்தப் புட்டியை ஒரு முறை திருப்பிப் பார்த்தால் போதும். "கண்ணுக்கு" என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஜிகினா இல்லாமலும் மகள் ஆடலாம். தாமிரப் பூச்சு ஒன்றே விளக்கு வெளிச்சத்தில் போதுமான அளவு மின்னும்!