வையவிரிவு வலை

உலகெங்குமுள்ள கணினிகளைப் பிணைக்கும் அமைப்பு இணையம் எனப்படும். அதன் வழியே பக்கங்களைக் கொணர்ந்து காட்டும் முறையே வையவிரிவு வலை. ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், 1989ஆம் ஆண்டில் இதனை வகுத்துரைத்தார்.

ஒருவர் உலாவியில் முகவரியை இட்டதும், அப்பெயருக்குரிய எண் முதலில் கண்டறியப்படுகிறது. பின்னர், அவ்வெண்ணுக்குரிய வழங்கிக் கணினிக்கு வேண்டுகோள் செல்லுகிறது. வழங்கி, பக்கத்தைச் சிறுசிறு பொதிகளாகப் பகுத்து அனுப்புகிறது. அவை வெவ்வேறு வழிகளில் வரினும், தத்தம் எண்வரிசைப்படி மீண்டும் ஒன்றுசேர்க்கப்படுகின்றன; உலாவி அவற்றைப் பக்கமாக அமைத்துக் காட்டுகிறது.

1993ஆம் ஆண்டில் செர்ன் நிறுவனம் இந்நுட்பத்தை விலையின்றி யாவர்க்கும் உரியதாக்கிற்று. ஆதலின் எவரும் வலையில் பக்கம் அமைக்கலாம். மெய்யும் பொய்யும் ஒரே வழியில் வந்துசேரும். பொதி சிதையாது வந்ததா எனக் கணினி ஆராயும். பொருள் மெய்யா என ஆராய்தல் கற்பவர் கடனாம்.